வின்-வின் என்று எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

மைக்கூடு:
நான் படம் வரைபவள். ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. என் படங்கள் சிலவற்றை அவர்கள் தளத்தில் போட்டுக்கொள்வார்களாம். பணம் கிடையாது, படத்துக்குக் கீழே என் பெயர் வரும். உங்கள் பெயர் பலருக்குத் தெரியும், எங்களுக்குப் படம் கிடைக்கும், ஆகவே இது நம் இருவருக்கும் ‘வின்-வின்’ என்று ஆங்கிலத்தில் முடித்திருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். இந்தச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? இருவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தாலே வின்-வின் ஆகிவிடுமா? அடுத்தது, பதில் எழுதும்போது நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா? வாக்கியத்தில் எப்படி வரும்?

கடிகாரமுள்:
இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்: வின்-வின் சிச்சுவேஷன், வின்-வின் டீல், வின்-வின் சொல்யூஷன். நடுவில் சிறுகோடு போடுவது வழக்கம். பேச்சில் தனியாகவே பெயர்ச்சொல்லாக நிற்கும்: ‘இட்ஸ் எ வின்-வின்’. வினைச்சொல்லாக யாரும் பயன்படுத்துவதில்லை. ‘இருவருக்கும் வின்-வின்’ என்பது கூறியது கூறல்தான், ஆனால் ஆங்கிலத்திலும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு தரப்பும் பயன் பெற்றால் வின்-வின்-வின் என்று நீட்டுவார்கள். எனக்குப் பிடிக்காது.

அலுவலகக் கடிதத்தில் கொஞ்சம் கௌரவமாக இருக்க வேண்டும் என்றால் ‘மியூச்சுவலி பெனிஃபிஷியல்’ (இருவருக்கும் பயன் தருவது) என்று எழுதுங்கள். ஒப்பந்த ஆவணத்தில் வின்-வின் என்று எழுதவே வேண்டாம், விளம்பர வாடை அடிக்கும்.

பழஞ்சுவடி:
இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவ்வளவுதான் வின்-வின்.

கடிகாரமுள்:
இல்லை சார். அங்கே கல் எறிந்தவர் ஒருவர், இரண்டு மாங்காயும் அவருக்கே. ஒருவருக்கு இரண்டு லாபம் என்பது வேறு, இருவருக்கு ஆளுக்கொரு லாபம் என்பது வேறு. ‘பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது’ என்பதையும் சிலர் இங்கே இழுப்பார்கள். அதிலும் தடிக்காரர் ஒருவர்தான். பாம்பைக் கேட்டால் வின்-வின் என்று சொல்லாது.

பழஞ்சுவடி:
பாம்பு சமாச்சாரம் சரி. மாங்காயில் ஒன்றை உமக்குக் கொடுத்தால்?

கடிகாரமுள்:
அப்போதும் நீங்கள்தான் எறிகிறீர்கள், எனக்குக் கிடைப்பது தானம்!

ஏழாம்படி:
முதல் கேள்விதான் முக்கியமானது. இருவருக்கும் ஏதாவது கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் உலகத்தில் நடக்கிற எல்லா பேரமும் வின்-வின் ஆகிவிடும். மோசமான பேரத்தில்கூட இரு பக்கமும் ஏதோ கைமாறத்தான் செய்கிறது. அதனால் கேட்க வேண்டியது ‘எனக்கு ஏதாவது கிடைக்கிறதா’ என்பதல்ல. ‘இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எனக்கு என்ன கிடைத்திருக்கும், அதைவிட இது மேலா’ என்பதுதான். இரு தரப்பும் இதற்கு மனமார ஆம் என்று சொன்னால் மட்டுமே அது வின்-வின்.

பேச்சுவார்த்தைக் கலை படித்தவர்கள் அந்த மாற்று வழிக்கு ‘பாட்னா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர் அல்ல, ஆங்கில முதலெழுத்துகளின் சுருக்கம். உடன்பாடு ஏற்படாவிட்டால் நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த மாற்று என்று பொருள். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் பரப்பிய கருத்து இது. மைக்கூடு அவர்களே, உங்கள் பாட்னா என்ன? அதே படங்களை வேறு யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? ஆம் என்றால் அந்த மின்னஞ்சல் வின்-வின் அல்ல. படங்கள் சும்மா மேஜையில் கிடக்கின்றன என்றால், இருக்கலாம்.

சொல் எங்கிருந்து வந்தது என்றால், கருத்து பழையது, புகழ் புதியது. 1944இல் ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னும் விளையாட்டுக் கோட்பாட்டை, அதாவது ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதத்தை, நூலாக எழுதியபோது, ஒருவர் வென்றது அப்படியே மற்றவர் இழந்ததாக இருக்கும் ஆட்டங்களையும், அப்படி இல்லாத ஆட்டங்களையும் பிரித்துக் காட்டினார்கள். முதல் வகைதான் ‘ஜீரோ-சம்’. சதுரங்கம் அந்த வகை, அதில் வின்-வின்னுக்கு இடமே இல்லை. வாழ்க்கையில் பெரும்பாலானவை இரண்டாம் வகை, ஆனால் நாம் பழக்கதோஷத்தில் முதல் வகையாகவே நினைத்துக்கொள்கிறோம். 1965இல் ரிச்சர்ட் வால்டனும் ராபர்ட் மெக்கர்சியும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளை ஆராய்ந்து, இருப்பதைப் பங்கு போடும் பேரம், இரு தரப்புக்கும் கிடைப்பதைக் கூட்டும் பேரம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அப்புறம் 1989இல் ஸ்டீஃபன் கவி எழுதிய ஏழு பழக்கங்கள் புத்தகம் வந்தது. அதில் நான்காவது பழக்கமே வின்-வின்னாக யோசிப்பதுதான். அதன்பிறகு இந்தச் சொல் அலுவலகக் கூட்டங்களை விட்டு வெளியேறவே இல்லை.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு பெயர் மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட். எனக்குப் பிடித்த உதாரணம் அவருடையதுதான், 1925இல் சொன்னது. ஹார்வர்ட் நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்திருந்தால் அது சமரசம், இருவருக்குமே பாதி எரிச்சல். அவர்கள் யாரும் உட்காராத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்குக் காற்று வந்தது, ஃபாலெட் மேல் வாடைக்காற்று நேராக அடிக்கவில்லை. ஜன்னல் மூடியிருக்க வேண்டும் என்பது ஃபாலெட் கேட்டது, வாடைக்காற்று படக் கூடாது என்பது அவருக்கு வேண்டியது. கேட்பதும் வேண்டுவதும் ஒன்றல்ல என்று புரிகிற இடத்தில்தான் வின்-வின்னுக்கு வழி பிறக்கிறது. சமரசத்தை வின்-வின் என்று சொல்வதுதான் இந்தச் சொல்லை வைத்துச் செய்யும் பெரிய தவறு.

சந்தேகப்பிராணி:
ஜன்னல் கதை அழகுதான். இதற்கு ஒரு தங்கை உண்டு, ஆரஞ்சுக் கதை. இரண்டு பேர் ஒரு ஆரஞ்சுக்குச் சண்டை போடுவார்கள், கடைசியில் ஒருவருக்குத் தோல் போதும், மற்றவருக்குச் சாறு போதும் என்று தெரியவரும். பேச்சுவார்த்தை வகுப்புக்குப் போன எவரும் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது. என் கேள்வி இதுதான்: இருவருக்கும் சாறுதான் வேண்டும் என்றால்? நான் உட்கார்ந்த பேச்சுவார்த்தைகளில் தோல் கேட்டு யாரும் வந்ததே இல்லை.

இன்னொன்று. வின்-வின் என்ற சொல்லை முதலில் வாயில் எடுப்பவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்த ஏற்பாட்டில் கூடுதலாகப் பெறுகிறவர். கொஞ்சமாகப் பெறுகிறவர் ‘சரி, பரவாயில்லை’ என்பார்.

வெள்ளெழுத்து:
சாறுதான் வேண்டும் என்று இருவரும் கேட்டாலும் வழி இல்லாமல் இல்லை. ஒருவருக்கு இன்றே வேண்டும், மற்றவருக்கு அடுத்த வாரம் போதும் என்று இருக்கலாம். ஒருவருக்கு அளவு முக்கியம், மற்றவருக்கு நிச்சயம் முக்கியம். நேரம், ஆபத்து, நம்பிக்கை எல்லாவற்றிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டில்தான் லாபம் பிறக்கிறது. இருவரும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் பரிமாற்றத்துக்கே வேலை இல்லை.

இதை எண்களில் காட்டியவர் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ, 1817. ஒரு அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், ஒரு அளவு ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல் கெட்டி. அப்படியானால் அதற்கு இங்கிலாந்து எதற்கு என்று தோன்றும். ஆனால் இங்கிலாந்து துணி மட்டும் நெய்து, போர்ச்சுகல் ஒயின் மட்டும் செய்து, ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டால், இங்கிலாந்துக்கு 220 பேர் வேலை 200இல் முடிகிறது, போர்ச்சுகலுக்கு 170 பேர் வேலை 160இல் முடிகிறது. திறமை குறைந்தவரோடு சேர்ந்தும் இருவரும் லாபம் பார்க்க முடியும் என்பது இதில் உள்ள அதிசயம்.

சந்தேகப்பிராணி:
அந்தக் கணக்கிலேயே என் பதிலும் இருக்கிறது. ஒருவருக்கு 20 மிச்சம், மற்றவருக்கு 10. இரண்டு பேரும் ‘வின்’, ஆனால் சமமாக இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் இந்த 20உம் 10உம் இடம் மாறும். அங்கேதான் சண்டை, அங்கே யாரும் வின்-வின் பேசுவதில்லை. அப்புறம், போர்ச்சுகலில் துணி நெய்துகொண்டிருந்தவர் என்ன ஆனார்? நாடு வென்றது என்றால் நாட்டிலுள்ள எல்லோரும் வென்றார்கள் என்று அர்த்தமில்லை. 1939இல் பொருளியலாளர்கள் கால்டோரும் ஹிக்ஸும் இதற்கு ஒரு அளவுகோல் சொன்னார்கள்: லாபம் அடைந்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருந்தால் அது முன்னேற்றம். கொடுக்க முடிந்தால் போதுமாம், கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம்! நெசவாளிக்கு அந்த ‘முடியும்’ சோறு போடாது.

மேஜையில் இல்லாதவர்களைப் பற்றி இன்னும் மோசமான உதாரணம் வேண்டுமானால், ஃபீபஸ் என்ற கூட்டணி. 1920களின் நடுவில் உலகின் பெரிய மின்விளக்குத் தயாரிப்பாளர்கள் ஜெனீவாவை மையமாக வைத்து ஒன்று சேர்ந்தார்கள். சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு விளக்கு 1000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு செய்து, அதைவிட அதிகம் எரியும் விளக்கு செய்தவருக்கு அபராதமும் போட்டார்கள். அறைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் அது வின்-வின். காசு கொடுத்து விளக்கு வாங்கியவன் அறைக்கு வெளியே இருந்தான்.

ஏழாம்படி:
ஃபீபஸ் நல்ல உதாரணம், ஏற்கிறேன். இருவர் சேர்ந்து மூன்றாமவர் பையில் கைவிடுவதற்கு வின்-வின் என்று பெயர் சூட்ட முடியாது என்றுதான் நானும் சொல்வேன். யாரையும் முன்பிருந்த நிலையைவிடக் கீழே தள்ளாமல் ஒருவராவது மேலே போனால் அதற்குப் பொருளியலில் பரேட்டோ முன்னேற்றம் என்று பெயர். ‘யாரையும்’ என்பதில் வெளியே இருப்பவர்களும் சேர்த்தி.

ஆனால் பங்கு சமமில்லை என்பதற்காக வின்-வின் பொய் என்று ஆகாது. கூட்டுவது ஒரு வேலை, பிரிப்பது இன்னொரு வேலை. முதல் வேலை நடந்தால்தான் இரண்டாவதில் சண்டை போடவே ஏதாவது இருக்கும். எகிப்தின் சினாய் தீபகற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 போரில் இஸ்ரேல் அதைப் பிடித்தது. எகிப்துக்கு முழுத் தீபகற்பமும் வேண்டும், இஸ்ரேல் ஒரு பகுதியையாவது வைத்துக்கொள்ள நினைத்தது. வரைபடத்தில் எங்கே கோடு போட்டாலும் ஒருவர் தோற்பார். எகிப்துக்கு வேண்டியது தன் மண், இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் எதிரி டாங்கிகள் நிற்காத நிம்மதி என்று பிரித்துப் பார்த்ததும் வழி கிடைத்தது. 1978இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் பேசி, 1979இல் கையெழுத்தானது. மண் முழுவதும் எகிப்துக்குத் திரும்பும், ஆனால் அதன் பெரும்பகுதியில் கனரகப் படைகள் இருக்காது.

சந்தேகப்பிராணி:
அந்த மேஜையிலும் பாலஸ்தீனர்கள் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன், இழை திசைமாற வேண்டாம்.

வெள்ளெழுத்து:
எனக்குத் தெரிந்து சந்தேகப்பிராணிகூட வாயடைத்துப் போகிற உதாரணம் ஒன்று உண்டு: சிறுநீரகப் பரிமாற்றம். ஒரு கணவர் மனைவிக்குச் சிறுநீரகம் தரத் தயார், ஆனால் பொருந்தவில்லை. வேறொரு குடும்பத்தில் அக்கா தம்பிக்குத் தரத் தயார், அங்கும் பொருந்தவில்லை. ஆனால் இந்தக் கணவருடையது அந்தத் தம்பிக்கும், அந்த அக்காவுடையது இந்த மனைவிக்கும் பொருந்துகிறது. மாற்றிக் கொடுத்தால் இரண்டு உயிர். தென்கொரியாவில் 1991இலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள். பல ஜோடிகளை எப்படிப் பொருத்தினால் அதிகம் பேருக்குக் கிடைக்கும் என்று வழிமுறை வகுத்தவர்களில் ஒருவர் ஆல்வின் ராத். 2012இல் லாயிட் ஷேப்லியோடு சேர்ந்து பொருளியல் நோபல் பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. இரு தரப்புக்கும் இவ்வளவு தெளிவான லாபம் இருந்தும், அறுவை சிகிச்சைகளை ஒரே நேரத்தில்தான் தொடங்கினார்கள். ஏன்? முதல் குடும்பம் சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு ‘எங்கள் ஆள் மனம் மாறிவிட்டார்’ என்று சொன்னால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டாவது குடும்பத்தில் நோயாளிக்கும் கிடைக்காது, மாற்றிக் கொடுக்கக் கையிலிருந்த சிறுநீரகமும் போயிருக்கும். வின்-வின் காகிதத்தில் இருந்தால் போதாது, யாராவது பாதியில் கழன்றுகொண்டால் என்ன என்பதற்கும் பதில் வேண்டும். பிற்பாடு, யாருக்கு என்று குறிக்காமல் தானம் செய்ய முன்வருபவரை வைத்துச் சங்கிலியாகத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொரு குடும்பமும் முதலில் பெற்றுக்கொண்டு பிறகு கொடுக்கிறது. நடுவில் அறுந்தாலும் கொடுத்துவிட்டு ஏமாந்தவர் என்று யாரும் இல்லை. அதனால் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டிய நெருக்கடியும் குறைந்தது.

சந்தேகப்பிராணி:
இதற்கு மறுப்பு இல்லை. வாயடைக்கவும் இல்லை.

பழஞ்சுவடி:
நடுவில் ஒரு சின்னக் கேள்வி. லூஸ்-லூஸ், நோ-வின் இரண்டும் ஒன்றா?

கடிகாரமுள்:
நடைமுறையில் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள். நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: நோ-வின் என்பது ஒருவருடைய இக்கட்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. லூஸ்-லூஸ் என்றால் பெரும்பாலும் இரு தரப்பும் நஷ்டம், நீண்ட வழக்கில் இருவர் சொத்தும் கரைவது மாதிரி. ‘ஜீரோ-சம்’ என்பதை ‘பயனற்றது’ என்ற பொருளில் சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. இன்னொன்று, ஒருவர் தனக்கே இரண்டு நன்மை என்பதற்கும் ஆங்கிலத்தில் வின்-வின் என்று சொல்வது உண்டு: ‘நடந்து போனால் உடம்புக்கும் நல்லது, செலவும் மிச்சம், வின்-வின்’. ஆக, உங்கள் மாங்காய்க்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது சார்.

பழஞ்சுவடி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மைக்கூடு:
எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. என் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களுக்கு இப்போதைக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை. ஆனால் வரலாம். அவர்கள் தளத்தைப் பலர் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். பெயரைப் பார்த்து எனக்கு வேலை வரும் என்பதில்தான் நம்பிக்கை இல்லை. அவர்கள் நிச்சயம் வரும் என்கிறார்கள்.

வெள்ளெழுத்து:
அதுதான் உங்கள் பிடி! வேலை வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள், வராது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். யார் சொல்வது சரி என்று இப்போது வாதாட வேண்டாம், அதையே நிபந்தனையாக எழுதிவிடுங்கள். குறிப்பிட்ட காலம் இலவசம். அதற்குள் அந்தத் தளத்தின் வழியாக உங்களுக்கு வேலை வந்தால் அதே காலத்துக்கு மீண்டும் இலவசம். வராவிட்டால் அதன்பின் கட்டணம். அவர்கள் தாங்கள் சொல்வதை உண்மையிலேயே நம்பினால் இதில் அவர்களுக்குச் செலவே இல்லை, மறுக்கக் காரணமும் இல்லை. மறுத்தால் உங்களுக்கு வேறொன்று தெரிந்துவிடும்.

ஏழாம்படி:
கூடவே, படத்தை மற்றவர்களுக்கு விற்கும் உரிமையை விடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது தளத்தை நிரப்பப் படம், தங்களுக்கு மட்டுமான உரிமை அல்ல. கேட்டால்கூட எதற்கு என்று விசாரியுங்கள். விற்கும் உரிமை உங்களிடம் இருப்பது உங்களுக்குப் பெரிய இழப்பைத் தவிர்க்கும், அவர்களுக்கு எதுவும் குறையாது. ஸ்டீஃபன் கவியே ‘வின்-வின் இல்லையேல் பேரமே வேண்டாம்’ என்றுதான் சொல்கிறார். அந்தப் பின்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மைக்கூடு:
இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

‘உங்கள் அழைப்புக்கு நன்றி. படங்களை 6 மாதங்களுக்குக் கட்டணமின்றி உங்கள் தளத்தில் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் என் பெயரும் என் பக்கத்துக்கான இணைப்பும் இருக்க வேண்டும். பிறருக்கு விற்கும் உரிமை என்னிடமே இருக்கும். இந்தக் காலத்தில் உங்கள் தளத்தின் வழியாக எனக்கு வேலை வந்தால் மேலும் 6 மாதங்கள் கட்டணமில்லை. வராவிட்டால் ஏழாவது மாதத்திலிருந்து கட்டணம் பேசிக்கொள்ளலாம். இது நம் இருவருக்கும் வின்-வின் ஆக இருக்கும் என்று நம்புகிறேன்.’

சந்தேகப்பிராணி:
கடைசி வாக்கியத்தை வெட்டுங்கள். அதை அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

‘பேசிக்கொள்ளலாம்’ என்பதையும் எடுங்கள். தொகையை இன்றே எழுதுங்கள். ஏழாவது மாதம் பேசலாம் என்று விட்டால் அன்றைக்குப் படங்கள் அவர்கள் தளத்தில் இருக்கும், நீங்கள் கேட்கிற இடத்தில் இருப்பீர்கள். தொகையைக் கட்ட விருப்பமில்லை என்றால் எத்தனை நாளில் படங்களை எடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு வரி வேண்டும்.

கடிகாரமுள்:
வேலை வந்ததா இல்லையா என்று யார் கணக்கு வைப்பது? அவர்கள் தளத்திலிருந்து வருபவர்களுக்கு மட்டும் தனி இணைப்பு முகவரி ஒன்று உருவாக்கிக் கொடுங்கள், அதன் கணக்கை இருவரும் பார்க்கும்படி வையுங்கள். அதையும் கடிதத்தில் சேர்த்துவிட்டு அனுப்பலாம்.